உருளைக்கிழங்கு வளைவு

ஜனவரி 9

சகலைக்கு,

இந்தக் கடிதம் டிசம்பர் மாத விபத்துப் படிவங்களின் கட்டுக்கு நடுவில் வருகிறது. கட்டைப் பிரிப்பவர் வேறு யாராவது என்றால், ஐயா, தயவுசெய்து படிக்காமல் புள்ளிவிவர அதிகாரியிடம் கொடுத்துவிடவும். இது வீட்டு விஷயம். போனில் பேசலாம்தான். ஆனால் போன் என்றால் இந்தப் பக்கம் உங்கள் அண்ணி, அந்தப் பக்கம் அவள் தங்கை. இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது நலம் விசாரித்துவிட்டு வைக்கத்தான் முடியும்.

பேப்பரில் உங்கள் படம் பார்த்தோம். கோட்டு நன்றாக இருக்கிறது. "நூற்றில் எண்பத்து மூன்று விபத்துகளுக்கு ஓட்டுநரே காரணம்" என்று பெரிய எழுத்தில் தலைப்பு, அதற்குக் கீழே அறிக்கையைக் கையில் ஏந்தியபடி நீங்கள். மாமா கத்திரிக்கோலை எடுத்து ஓரம் பிசகாமல் வெட்டினார். நாற்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர் இல்லையா, தான் சொன்னதையே அரசாங்கம் இப்போது அச்சடித்துவிட்டது என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. "சின்ன மாப்பிள்ளை கணக்குப் போட்டே நிரூபிச்சுட்டாரு பாரு!" என்று பால்காரரிலிருந்து பக்கத்து வீட்டு டீச்சர் வரை படித்துக் காட்டிவிட்டார்.

அதை எங்கே மாட்டினார் தெரியுமா? ஹாலில், டிவிக்கு மேலே இருக்கும் ஆணியில். அந்த ஆணியில் அதுவரை இருந்தது என் பதினைந்தாண்டு சேவைச் சான்றிதழ். அது இப்போது ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் இடையில் நிற்கிறது. ஃபிரிட்ஜ் ஓடும்போது அதுவும் சேர்ந்து நடுங்குகிறது.

வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

எரிகிற வயிற்றோடு ஒன்று சொல்கிறேன். அந்த எண்பத்து மூன்று எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? படிவத்தில் காரணத்துக்கு ஆறு கட்டங்கள். ஒன்றில் மட்டும்தான் டிக் போடலாம். முதல் கட்டம், ஓட்டுநரின் தவறு: டிக் போட்டால் வேலை முடிந்தது. ஆறாம் கட்டம், சாலைக் குறைபாடு: டிக் போட்டால் கூடவே ஓர் இணைப்புத் தாள், அதில் சாலைப் பொறியாளரின் கையெழுத்து. எந்தப் பொறியாளர் தன் சாலை கோணல் என்று கையெழுத்துப் போடுவார்? ஆகவே போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராகிய நான் பத்து வருடமாக முதல் கட்டத்தில் டிக் போடுகிறேன். எல்லா ஸ்டேஷனிலும் இதே கதைதான்.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு வளைவு இருக்கிறது. முதன்முதலில் ஒரு உருளைக்கிழங்கு லாரி கவிழ்ந்ததால் அதற்கு உருளைக்கிழங்கு வளைவு என்றே பெயர். சாலை உள்பக்கம் சாய வேண்டிய இடத்தில் வெளிப்பக்கம் சாய்கிறது. ஜல்லி பெயர்ந்து கிடக்கிறது. ஒரு எச்சரிக்கைப் பலகை கிடையாது. அங்கே நடந்த ஒவ்வொன்றையும் டேப் வைத்து அளந்து ஒரு தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். படிவத்தில் பொய், நோட்டில் நிஜம். உங்கள் அறிக்கை என் படிவத்தில் பிறந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, சகலை.

இதை மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பொறாமையில் உளறுகிறேன் என்பார். பொறாமையும்தான்.

இப்படிக்கு,
ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பவன்


ஜனவரி 24

அண்ணனுக்கு வணக்கம்.

கட்டைப் பிரித்தது நான்தான். உங்கள் ஸ்டேஷன் கட்டை வேறு யாரையும் பிரிக்க விடுவதில்லை.

நீங்கள் எழுதியது வேடிக்கை இல்லை. ஒவ்வொரு படிவத்தின் கீழும் "உண்மை என உறுதி கூறுகிறேன்" என்று இருக்கிறது, அதன் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. பத்து வருடமாகப் பொய் எழுதிவிட்டு, அதைக் கூட்டியவன் மேல் குற்றம் சொல்கிறீர்கள். நோட்டில் இருப்பதைக் கூட்ட எனக்கு வழியில்லை. படிவத்தில் வராதது எங்களைப் பொறுத்தவரை நடக்காதது. அப்புறம் அந்தச் சாலை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதுவரை மோதிய எந்த டிரைவர் சாலை சரியாக இருந்தது என்று சொல்லியிருக்கிறான்?

வயிற்றெரிச்சல் உங்களுக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதீர்கள். அங்கே வந்தால் எனக்கு மடிப்புக் கலையாத புதுத் துண்டு. தனி நாற்காலி. "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை." பன்னிரண்டு வருடமாக ஒரே வசனம். உங்களை மட்டும் மாமா "டேய் மடையா, கேட்டைச் சாத்தினியா?" என்று கத்துகிறார். நீங்களும் முணுமுணுத்துக்கொண்டே போய்ச் சாத்துகிறீர்கள். போன தடவை வந்தபோது கேட்டை நான்தான் திறந்து போட்டேன். வேண்டுமென்றேதான். அப்போதும் திட்டு உங்களுக்கே விழுந்தது. விருந்தாளியின் படத்தைத்தான் சுவரில் மாட்டுவார்கள் அண்ணா. வீட்டுப் பிள்ளைக்கு எதற்குப் படம்?

தைரியம் இருந்தால் ஆறாம் கட்டத்தில் டிக் போட்டு அனுப்புங்கள். பார்க்கலாம்.


பிப்ரவரி 6

சகலைக்கு,

சவாலை ஏற்றுக்கொண்டேன். ஜனவரியில் வளைவில் இரண்டு விபத்துகள். இரண்டிலும் ஆறாம் கட்டம். இனி அங்கே நடப்பது எல்லாமே ஆறுதான். பொறியாளருக்கு இணைப்புத் தாளை அனுப்பினேன். பதில் இல்லை. மூன்று தடவை நேரில் போனேன், சார் சைட்டில் இருக்கிறார் என்றார்கள். எந்த சைட் என்று கேட்டால் அதுவும் சார்தான் சொல்ல வேண்டுமாம். தாள் வந்தால் பின்னால் அனுப்புகிறேன், வராவிட்டால் நான் என்ன செய்ய?

டிக் போடும்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. உண்மை எழுதுகிற சந்தோஷம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உங்கள் எண்பத்து மூன்று சரிகிறதை நினைத்துத்தான் சிரித்துக்கொண்டேன்.

கேட்டை நீங்கள்தான் திறந்து போட்டீர்களா? அடப்பாவி.


செப்டம்பர் 3

சகலைக்கு,

மாமா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது கால் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டாயிற்று, பயப்பட ஒன்றும் இல்லை. நீங்கள் லீவு போட்டு அலைய வேண்டாம் என்று மாமாவே சொல்கிறார்.


செப்டம்பர் 20

அண்ணனுக்கு,

வர வேண்டாம் என்றீர்கள், வந்தோம். இரண்டு நாளும் வீட்டில் ஏதோ ஒரு விஷயம் எங்களைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. மாமாவின் ஸ்கூட்டர் எங்கே என்று கேட்டேன். "சர்வீஸுக்குப் போயிருக்கு" என்று அண்ணியும் "வித்தாச்சு" என்று நீங்களும் ஒரே நேரத்தில் சொன்னீர்கள். மாமா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "உக்காருங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

பேப்பர் வெட்டு இன்னும் ஆணியில் இருக்கிறது. இந்தத் தடவை அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. நீங்கள் எல்லோரும் ஒரு பக்கம், நானும் என் படமும் ஒரு பக்கம். ரயிலில் உங்கள் கொழுந்தியாள் அழுதாள். "அப்பாவுக்கு என்னமோ நடந்திருக்கு, அக்கா என்கிட்டயே மறைக்கிறா" என்றாள்.

உங்கள் ஆறாம் கட்டங்கள் மாதாமாதம் வருகின்றன. எதிலும் இணைப்புத் தாள் இல்லை. எதற்காக அனுப்புகிறீர்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், நான் மறக்கவில்லை.


அடுத்த ஜனவரி 11

அண்ணனுக்கு,

புதிய அறிக்கை வெளியாகிவிட்டது. ஒரு பிரதி மாமாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். எண்பத்து மூன்று அப்படியே நிற்கிறது. உங்கள் ஸ்டேஷனிலிருந்து ஆறாம் கட்டம் போட்டு வந்த இருபத்திரண்டு படிவங்களும் இணைப்புத் தாள் இல்லாததால் முதல் கட்டத்துக்கு மாற்றப்பட்டன. விதிப்படிதான்.

சிவப்புப் பேனாவால் மாற்றும்போது எனக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது. நீங்கள் ஒளிக்காமல் எழுதினீர்கள், நானும் எழுதுகிறேன்.


ஜனவரி 19

சகலைக்கு,

இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபத்தில் நான்கு எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் கட்டில் பதினேழாம் படிவத்தை எடுத்துப் பாருங்கள். ஆண், வயது அறுபத்தொன்பது. ஸ்கூட்டர். இடது கால் எலும்பு முறிவு. உங்கள் ஆபீஸுக்குப் போகும் பக்கத்தில் பெயர் இருக்காது. நான் சொல்கிறேன், அது மாமா.

பாத்ரூம் எல்லாம் பொய். உருளைக்கிழங்கு வளைவில், பகல் பதினோரு மணிக்கு, முப்பதுக்கு மேல் போகாத ஸ்கூட்டரில், ஜல்லியில் சறுக்கி வெளிப்பக்கம் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தால் படிவம் எழுதியே ஆக வேண்டும். வேறு ஆளை எழுதச் சொல்கிறேன் என்றேன், விடவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாகச் சொன்னார். எந்த இடத்தில் பிரேக், எத்தனை அடிக்கு முன்னால் கண்ணாடி பார்த்தார், எல்லாம். "உள்ளத எழுதுடா. எனக்காக ஒண்ணும் கூட்டாத, குறைக்காத" என்றார். எழுதிப் படித்துக் காட்டினேன். ஆறாம் கட்டத்தில் டிக் விழுவதை எட்டிப் பார்த்த பிறகுதான் ஊசி போடவே விட்டார்.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியதும் அவர்தான். "சின்ன மாப்பிள்ளை டிரைவருங்கதான் காரணம்னு ஊருக்கே சொல்லியிருக்காரு. அவரு மாமனாரே விழுந்தான்னா அவருக்கு அசிங்கம். அறிக்கை வரட்டும். அதுல ரோடு மேல தப்புன்னு அவரே போட்டிருப்பாரு. அப்பச் சொல்லிக்கலாம்." இப்படித்தான் சொன்னார். எனக்கும் உள்ளூர ஒரு திமிர், மாமாவின் ரகசியம் என்னிடம் மட்டும் இருக்கிறது என்று. அந்தத் திமிர் இல்லாவிட்டால் சத்தியத்தை மீறி அன்றே சொல்லியிருப்பேன்.

அறிக்கை வந்த அன்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் ஸ்டேஷன் வாரியாக அட்டவணை இருக்கிறதே, அதில் விரலை வைத்துத் தேடினார். எங்கள் ஸ்டேஷன். சாலைக் குறைபாடு: பூஜ்யம். விரல் அங்கேயே நின்றது. அப்புறம் முதல் கட்டத்துக்கு நகர்ந்தது. திட்டவில்லை. சாப்பிட்டார், ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனார், தன் லைசென்ஸைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "ஆபீஸ்ல திருப்பிக் குடுத்துடுப்பா" என்றார்.

உங்கள் படத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன். "எதுக்கு? அவரு சரியாத்தான் போட்டிருப்பாரு. எனக்குத்தான் வயசாயிடுச்சு" என்றார். நேற்று கேட்டைச் சாத்தாமல் விட்டேன். அதற்கும் திட்டவில்லை.

இந்த வருடத்தின் முதல் படிவத்தை இன்று எழுதினேன். அதே வளைவு. ரொட்டி வண்டி ஓட்டுபவர், வயது முப்பத்தொன்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். எந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.


பிப்ரவரி 2

அண்ணா,

பதினேழாம் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். "சறுக்கிய நீளம் பதினோரு அடி" என்று உங்கள் கையெழுத்து. அதன் மேல் என் சிவப்புக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. உங்கள் கொழுந்தியாளிடம் சொல்லிவிட்டேன். அவள் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

விதிப்படி என்று எழுதினேனே, அது பொய். இணைப்புத் தாள் இல்லாவிட்டால் படிவத்தை ஸ்டேஷனுக்கே திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் விதி. மாற்றுகிற அதிகாரம் எனக்குக் கிடையாது. வேறு எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன், என்னைக் கவிழ்க்க அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன், மாற்றினேன். இருபத்திரண்டு பேர் விழுந்தது எனக்கு உங்கள் பொறாமையாகத்தான் தெரிந்தது. உங்களிடம் இருந்ததைவிட என்னிடம் அதிகம் இருந்திருக்கிறது.

திருத்தம் வெளியிட ஒரு வழி உண்டு. முப்பது நாளில் பொறியாளர் பதில் தராவிட்டால், விபத்தைப் பதிவு செய்தவர் அன்றே எடுத்த அளவுக் குறிப்பை ஆதாரமாக ஏற்கலாம். அதாவது உங்கள் நோட்டு. ஆனால் அது ஒரிஜினலாக, முழுசாக வர வேண்டும். ஒரு தாள் கிழிந்திருந்தாலும் செல்லாது. முழு நோட்டும் வந்தால் அதற்கு முந்தைய பத்து வருடமும் கூடவே வரும். நோட்டில் ஒன்று, படிவத்தில் வேறொன்று, கீழே உங்கள் கையெழுத்து. விசாரணை நிச்சயம்.

அனுப்புங்கள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நான் செய்ததை மேலதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதை நோட்டு இல்லாமலும் செய்யலாம், செய்துவிட்டேன். ரொட்டி வண்டிக்கு எதில் டிக் என்று கேட்டீர்கள். ஆறு.


பிப்ரவரி 10

சகலைக்கு,

நோட்டு கட்டில் இருக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம், எண்ணிக்கொள்ளுங்கள். நாற்பதாம் பக்கத்தில் டீக்கறை, அது என்னுடையது.

அனுப்புவதற்கு முன் இரண்டு நாள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பயம்தான். அப்புறம் மாமாவிடம் போய்ப் பத்து வருடக் கதையையும் சொன்னேன். நோட்டை வாங்கி முழுக்கப் படித்தார். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் ஒன்பது பேர் அதில் இருக்கிறார்கள், அவர் எண்ணித்தான் எனக்குத் தெரியும். பக்கத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "மடையா! அவனுங்க தப்பா ஓட்டுனாங்கன்னு பத்து வருஷமா நான் பேசிட்டு இருந்தேன், பக்கத்துல நின்னு கேட்டுட்டே இருந்தியேடா!" என்றார். ஊன்றுகோலைத் தூக்கினார், என் நல்ல நேரம், அது சோபாவில் மாட்டிக்கொண்டது.

அனுப்பவா என்றேன். "இன்னுமா அனுப்பல?" என்றார்.

திருத்தம் வந்தால் அதற்கும் உங்களுக்குத்தான் பெயர் வரும், தெரியும். வாங்கிக்கொள்ளுங்கள்.


மே 14

அண்ணா,

பெயர் எதுவும் வரவில்லை. திருத்தச் சீட்டு வந்துவிட்டது, இதோடு இணைத்திருக்கிறேன். தீப்பெட்டி அளவுதான். "பின்னிணைப்பு அட்டவணை: மேற்படி ஸ்டேஷனில் சாலைக் குறைபாடு 0 என்பதை 22 எனத் திருத்தி வாசிக்கவும்." எண்பத்து மூன்று எண்பத்து மூன்றாகவே இருக்கிறது, தசமத்துக்குப் பின்னால் மூன்றாம் இடத்தில் ஏதோ லேசாக அசைந்தது. எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

ஆனால் சீட்டு எல்லா ஸ்டேஷனுக்கும் போன இரண்டாம் வாரம் வேறொரு ஸ்டேஷன் ரைட்டர் ஒரு நோட்டை அனுப்பினார். அப்புறம் இன்னொருவர். இதுவரை பதினொன்று. நீங்கள் எல்லாருமே ஒன்று வைத்திருக்கிறீர்களா?

அதைப் பார்க்கப்போவது நான் இல்லை. என்னைக் கோழி, ஆடு கணக்கெடுப்புக்கு மாற்றிவிட்டார்கள். என் நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார், இணைப்புத் தாளே வேண்டாம் என்று எழுதிப் போட்டிருக்கிறாராம். அவரைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு மெமோ வந்ததைக் கேள்விப்பட்டேன். மாமா என்னைப் பற்றி ஏதாவது பேசுகிறாரா?


ஜூன் 1

சகலைக்கு,

விசாரணை முடிந்தது. ஸ்டேஷனிலேயே இருக்கிறேன், ஆனால் பேனாவைப் பிடுங்கிவிட்டார்கள். கேட்டில் நின்று வண்டி நம்பர் பார்க்கிறேன். வீட்டில் கேட், வேலையிலும் கேட்.

போன திங்கள் வளைவுக்கு ஆள் வந்தார்கள். பொறியாளரும் வந்தார், கடைசியில் அவர் சைட்டைப் பார்த்தேன். வெளிப்பக்கத்தைக் கொத்தி உயர்த்தி, பலகை நட்டு, வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். மாமா மூன்று நாளும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பொறியாளரைத் திட்டினார். லைசென்ஸை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை, சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். நேற்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

சீட்டை மாட்டிவிட்டார். உங்கள் படத்துக்கு மேலேயே, சரியாக அந்த எண்பத்து மூன்று மறைகிற மாதிரி ஒட்டியிருக்கிறார். உங்கள் கோட்டு தெரிகிறது.

உங்களைப் பற்றிப் பேசுகிறாரா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதங்களைப் படித்துக் காட்டினேன். கோழிக் கணக்கு வரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஆரம்பித்தார். "மடப்பய! கோட்டு போடத் தெரியுது, ரூல் போடத் தெரியுது, ஒரு போன் போட்டு ஏண்டா இருபத்திரண்டு பேரு விழுந்தாங்கன்னு கேக்கத் தெரியலயா அவனுக்கு? வரட்டும், கோழியோட சேத்து அவனையும் எண்ணுறேன்!" அரை மணி நேரம். டீச்சர் வீட்டு ஜன்னல் திறந்தது. நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், பதினெட்டு வருடமாக எனக்கென்று இருந்த ஒரே சொத்தும் பாதி போய்விட்டதே என்று. சத்தியமாகப் பொறாமையாக இருந்தது.

அடுத்த மாதம் வரும்போது துண்டு எடுத்து வாருங்கள். உங்களுக்குப் புதுத் துண்டு இனிமேல் கிடையாதாம்.